எலி என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? நம் விலங்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நான் சிங்கம்", "நான் தனி ஓநாய்" என்று சொல்லிக்கொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஜாதகம், சீன ராசி, கைபேசியில் வரும் பத்துக் கேள்வித் தேர்வு என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மரபுகள் பெரும்பாலானவற்றில் யாரும் தன் விலங்கைத் தேர்ந்தெடுத்ததில்லை. பிறந்த நேரமோ குலமோ அதைக் கொடுத்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது அவருடையது. தேர்ந்தெடுக்கும் வழக்கம் மிகப் புதியது.

எனக்குரிய விலங்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த மரபின்படி கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்ப் பஞ்சாங்கப்படி என்றால் பிறந்த நட்சத்திரம் போதும். சீன முறைப்படி என்றால் பிறந்த ஆண்டும், ஜனவரி பிப்ரவரியில் பிறந்தவர் என்றால் தேதியும் வேண்டும். ஒரே ஆள் ஒன்றில் பூனையாகவும் மற்றதில் டிராகனாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு முடிவு செய்தவை அல்ல.

இவை எதுவும் வேண்டாம், என் இயல்புக்குப் பொருந்துவது எது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் வீட்டில் கேட்கலாம். கோபம் வந்தால் அம்மா எந்த விலங்கின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார் என்று கவனியுங்கள். எந்த இணையத் தேர்வையும்விட நெடுங்காலம் உங்களைக் கவனித்தவரின் தீர்ப்பு அது.

27 நட்சத்திரங்களுக்கும் உரிய விலங்குகள் என்னென்ன?

குதிரை: அசுவினி, சதயம். யானை: பரணி, ரேவதி. ஆடு: கார்த்திகை, பூசம். பாம்பு: ரோகிணி, மிருகசீரிடம். நாய்: திருவாதிரை, மூலம். பூனை: புனர்பூசம், ஆயில்யம். எலி: மகம், பூரம். பசு: உத்திரம், உத்திரட்டாதி. எருமை: அஸ்தம், சுவாதி. புலி: சித்திரை, விசாகம். மான்: அனுஷம், கேட்டை. குரங்கு: பூராடம், திருவோணம். சிங்கம்: அவிட்டம், பூரட்டாதி. மிச்சமிருக்கும் உத்திராடத்துக்குக் கீரி. சில தமிழ்ப் பட்டியல்களில் உத்திராடத்துக்கு மலட்டுப் பசு என்றும் இருக்கும்.

ஒவ்வொரு சோடியிலும் ஒன்று ஆண், ஒன்று பெண். அது நட்சத்திரத்துக்கு உரியதே தவிர, பிறந்தவர் ஆணா பெண்ணா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பரணியில் பிறந்த பெண்ணுக்கும் ஆண் யானைதான்.

கீரிக்கு மட்டும் ஏன் சோடி இல்லை?

27 ஒற்றைப்படை எண். அபிஜித் என்ற 28-ஆவது நட்சத்திரத்தையும் சேர்த்து எண்ணும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைச் சேர்த்தால் கீரிக்கும் சோடி கிடைத்துவிடும். 14 விலங்குகள், 28 நட்சத்திரங்கள். அபிஜித்தை நடைமுறையில் விட்டுவிட்டதால் உத்திராடக்காரர்களின் கீரி தனியாக நிற்கிறது.

நான் மகம். "மகத்தில் பிறந்தவர் ஜெகத்தை ஆள்வார்" என்கிறார்கள். ஆனால் விலங்கு எலியாம். இது என்ன நியாயம்?

இந்தப் பக்கத்துக்கு வரும் வருத்தங்களில் பாதி மகம், பூரம் நட்சத்திரக்காரர்களுடையது. எலி மீது தமிழுக்கு இருக்கும் வெறுப்பு இன்று நேற்று வந்ததும் அல்ல. புறநானூற்றின் 190-ஆவது பாட்டில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கடித்துப் போய் வளையில் பதுக்கும் எலியைப் போன்றவர்களின் நட்பு தனக்கு வேண்டாம் என்கிறான். தான் அடித்த பன்றி இடப்பக்கம் விழுந்தால் அதை உண்ணாமல், பசியோடு கிடந்து மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தும் புலியைப் போன்றவர்களின் நட்பே வேண்டும் என்கிறான். புலிக்கொடி பிடித்த குடியில் பிறந்தவன் வேறு எப்படிச் சொல்வான்? வயல் வைத்திருப்பவனுக்கு எலி திருடன். அந்த வெறுப்பில் பொருளாதாரம் இருக்கிறது.

வயலை விட்டு வெளியே வந்தால் எலியின் மதிப்பு ஏறுகிறது. பிள்ளையாரைச் சுமப்பது மூஞ்சூறு. ராஜஸ்தானில் தேஷ்னோக் ஊரில் இருக்கும் கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் பக்தர்களின் கால்களுக்கிடையே ஓடுகின்றன. அவை மறுபிறவி எடுத்த தங்கள் குலத்தவர் என்பது அங்குள்ள சாரண் என்னும் குலத்தின் நம்பிக்கை. சீனப் பன்னிரு விலங்குகளில் எலிக்குத்தான் முதலிடம். போட்டியில் எருதின் முதுகில் ஏறி வந்து, எல்லைக்கோட்டருகே முன்னால் குதித்து அது முதலாவதாக வந்ததாகக் கதை. தந்திரம் என்று இகழலாம், சமயோசிதம் என்று புகழலாம். சீனர்கள் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார்கள். இன்னும் ஒரு எலி கீழே வருகிறது. அதைப் படித்தபின் வருத்தப்பட மாட்டீர்கள்.

எனக்குப் புலி, பெண்ணுக்குப் பசு. யோனிப் பொருத்தம் இல்லை என்கிறார் ஜோதிடர். நிறுத்திவிடலாமா?

பகைச் சோடிகள் ஏழு: பசு–புலி, யானை–சிங்கம், குதிரை–எருமை, நாய்–மான், பாம்பு–கீரி, குரங்கு–ஆடு, பூனை–எலி. காட்டிலும் வீட்டிலும் கண்டதை வைத்து உண்டாக்கிய பட்டியல் என்று பார்த்தாலே தெரிகிறது. குதிரைக்கும் எருமைக்கும் அப்படி என்ன தீராப் பகை என்பதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பார்க்கப்படும் பத்துப் பொருத்தங்களில் யோனி ஒன்று. தாம்பத்திய இணக்கத்துக்காகப் பார்ப்பது அது. ஆளின் குணத்தைச் சொல்வதற்காக ஏற்பட்டது அல்ல. "விசாகக்காரர்கள் புலியைப் போல் பாய்வார்கள்" என்று வார இதழ்களில் வருவதெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது. ஜோதிடத்தை நம்புகிறவர்களே ரஜ்ஜு, தினம், கணம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு யோனி இல்லாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முடித்துவைப்பது உண்டு. நம்பாதவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. என் கருத்தைக் கேட்டால், 14 விலங்குகளை நம்பி ஒரு நல்ல பெண்ணை வேண்டாம் என்று சொல்வது அநியாயம்.

பஞ்ச பட்சியில் எனக்கு மயில் வருகிறது. நட்சத்திர விலங்கோ நாய். எது உண்மை?

இரண்டும் வேறு வேறு வேலைக்காக ஏற்பட்டவை. பஞ்ச பட்சி சாத்திரம் சித்தர்கள் பெயரால் வழங்குவது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். வளர்பிறையில் பிறந்தவர்களுக்கு அசுவினி தொடங்கி ஐந்து நட்சத்திரங்களுக்கு வல்லூறு, அடுத்த ஆறுக்கு ஆந்தை, அடுத்த ஐந்துக்குக் காகம், அடுத்த ஐந்துக்குக் கோழி, கடைசி ஆறுக்கு மயில். தேய்பிறையில் பிறந்திருந்தால் வரிசை தலைகீழாகி மயிலில் தொடங்கும். மூல நட்சத்திரக்காரருக்கு வளர்பிறையில் கோழி, தேய்பிறையில் ஆந்தை. மயில் வர வழியில்லை. ஆகவே நாயும் மயிலும் சேர்ந்து வருகிறது என்றால் நீங்கள் திருவாதிரை என்று கொண்டு பார்த்தாலும் ஆந்தை அல்லது கோழிதான் வரவேண்டும். பிறந்த நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் உயிரெழுத்தை வைத்துப் பறவை சொல்லும் முறையில் யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

பகலை ஐந்து சாமங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஆறு நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். ஒவ்வொரு சாமத்திலும் உங்கள் பறவை ஊண், நடை, அரசு, துயில், சாவு என்ற ஐந்து தொழில்களில் ஒன்றைச் செய்யும். அரசில் தொடங்கினால் வெற்றி, சாவில் தொடங்கினால் தோல்வி என்பது கணக்கு. நேரம் குறிப்பதற்கான கருவி இது. மயில் வந்தால் அழகு, காகம் வந்தால் கறுப்பு என்று எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

நான் ஜனவரி 1988-இல் பிறந்தேன். மலேசியாவில் இருக்கும் சித்தப்பா "நீ டிராகன்" என்கிறார். சரியா?

தவறு. அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17 அன்றுதான் பிறந்தது. அதற்கு முன் பிறந்த நீங்கள் முயல். வியட்நாமில் பிறந்திருந்தால் முயலும் இல்லை. அங்கே அந்த இடத்தில் பூனை இருக்கிறது.

2026 குதிரை ஆண்டு என்கிறார்கள். அதில் பெண் குழந்தை பிறந்தால் ஆகாதா?

இந்தப் பயம் ஜப்பானுடையது. பன்னிரண்டு விலங்குகளோடு ஐந்து மூலப்பொருள்களையும் சேர்த்தால் 60 ஆண்டுச் சுழற்சி வரும். அதில் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை. 1966 அத்தகைய ஆண்டு. முந்தைய ஆண்டில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் அந்த ஆண்டு சுமார் 13.6 லட்சம்தான் பிறந்தன. போரும் பஞ்சமும் இல்லாமல், ஒரு குதிரைக்குப் பயந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிறப்பு குறைந்தது.

சிரிப்பதற்கு முன் நம் வீட்டையும் பார்க்கலாம். "பெண் மூலம் நிர்மூலம்" என்றும், ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்றும் சொல்லி எத்தனை பெண்களின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்? நம் ஆண்டுகளும் 60 கொண்ட சுழற்சிதான். 1966 சித்திரையில் பிறந்த பராபவ ஆண்டே 2026 சித்திரையிலும் வருகிறது. நம் ஆண்டுகளுக்கு விலங்கு ஒட்டவில்லை என்பது நாம் செய்த புண்ணியம்.

டோட்டம், ஸ்பிரிட் அனிமல் இரண்டும் ஒன்றா? "என் ஸ்பிரிட் அனிமல் பாண்டா" என்று போடலாமா?

டோட்டம் என்ற சொல் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களுடையது. ஜான் லாங் என்ற வணிகர் 1791-இல் வெளியிட்ட பயண நூல் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. அவர்களிடையே கொக்கு, கரடி, மீன் போன்றவை குலங்களின் அடையாளம். தந்தை வழியாக வரும். ஒரே குலத்துக்குள் மணம் செய்யக்கூடாது. வெளியூரில் தன் குலத்தவர் வீடு என்றால் அங்கே உரிமையோடு தங்கலாம். 1701-இல் மாண்ட்ரியலில் பிரெஞ்சுக்காரர்களோடு பெரும் சமாதான உடன்படிக்கை செய்தபோது, பூர்வகுடித் தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக விலங்கு, பறவை உருவங்களை வரைந்தார்கள். அந்தத் தாளில் ஒரு கொக்கு என்றால் ஒரு மக்கள்கூட்டமே கையொப்பமிட்டதாகப் பொருள்.

இப்படி உறவும் கடமையும் கலந்த ஒன்றை, நோன்பிருந்தும் கனவு கண்டும் தனக்குத் துணைநிற்கும் ஆவியைத் தேடும் சில பூர்வகுடிச் சடங்குகளோடு குழைத்து, "எனக்குத் தூக்கம் பிடிக்கும், ஆகவே பாண்டா" என்று சுருக்கிவிட்டது இணையம். அந்த மக்களில் பலர் இதை விரும்பவில்லை, வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். "எனக்குப் பாண்டா பிடிக்கும்" என்று எழுதினால் உங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நம் நாட்டில் குல விலங்குகள் உண்டா?

ஏராளம். நான் மேலே சொன்ன இன்னொரு எலியும் இங்கேதான் இருக்கிறது.

ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கரில் வாழும் ஒராவோன் பழங்குடியினர் பேசும் குருக் மொழி தமிழைப் போலவே திராவிட மொழி. அவர்களின் குலப் பெயர்களில் பெரும்பாலானவை விலங்கு, பறவை, மரம் சார்ந்தவை. எக்கா என்றால் ஆமை. மின்ஜ் ஒரு மீன். கக்கா காகம். திர்கி என்றால் எலிக்குஞ்சு. குலத்தின் விலங்கைக் கொல்வதோ தின்பதோ மரபில் கூடாது. ஒரே குலத்தவர் உடன்பிறந்தவர் போன்றவர்கள். பெண் கொடுத்து எடுப்பதில்லை.

இந்திய ஹாக்கி அணியின் தற்காப்பு வீரராக மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் 400-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களிலும் ஆடி, அணித் தலைவராகவும் இருந்து, 2022-இல் ஹாக்கி இந்தியாவின் தலைவரான திலீப் திர்கியின் பெயரில் இருப்பது அந்த எலிக்குஞ்சு. 1971 டிசம்பர் 3 அன்று கங்காசாகர் சண்டையில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கிப் போய் அவற்றை ஒழித்து, உயிரையும் கொடுத்து, பரம்வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவின் பெயரில் இருப்பது ஆமை. இணையத் தேர்வு எழுதியிருந்தால் அவருக்கு ஆமை வந்திருக்குமா? சிங்கத்தைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள்.

தமிழகத்தில் கொங்கு வேளாளர்களிடையே ஆந்தை, காடை, பனங்காடை, செம்பூத்தன் என்று கூட்டப் பெயர்கள் இருக்கின்றன. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள்ளும் திருமண உறவு கிடையாது.

ஆந்தை என்றால் அபசகுனமாயிற்றே? எனக்கோ ஆந்தைதான் மிகவும் பிடிக்கும். பொம்மை வாங்கி வைத்தால் வீட்டில் திட்டு.

வங்காளத்தில் அது லட்சுமியின் வாகனம். பழைய ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக்காசில் அதீனா தேவியின் முகம் ஒருபுறம், ஆந்தை மறுபுறம். இங்கே அலறினால் சாவு என்கிறோம். பறவை ஒன்றுதான், அது எங்கே, யாருடைய கூரைமேல் உட்கார்கிறது என்பதில்தான் அர்த்தம் மாறுகிறது. நெல்வயலில் அது உட்காரக் கம்பு நட்டுவைக்கும் விவசாயிக்கு அது கூலி கேட்காத எலிபிடிப்பவன். பொம்மை தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள ஆந்தையைத்தான் விட்டுவிட வேண்டும். தீபாவளியை ஒட்டி வட இந்தியாவில் மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நான் யாருக்கும் பணியாத ஆல்ஃபா ஓநாய். இதில் என்ன தவறு?

முதலில், தமிழில் ஓநாய்க்கு நல்ல பெயர் கிடையாது. ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாயைத்தான் நமக்குத் தெரியும். சட்டையில் அச்சிடப்படும் ஓநாய் கப்பலில் வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆல்ஃபா, அதாவது சண்டையிட்டு மற்றவற்றை அடக்கிக் கூட்டத்தின் தலைமையைப் பிடிக்கும் ஓநாய், என்ற கருத்தே ஆட்டம் கண்டுவிட்டது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் கூண்டில் சேர்த்து வைத்து, அவை சண்டையிட்டு வரிசை அமைத்துக்கொள்வதை 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் எழுதினார். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-இல் எழுதிய நூல் இந்தச் சொல்லைப் பரப்பியது. பிறகு காட்டில் நேரடியாகக் கவனித்தபோது, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று அவரே 1999-இல் எழுதினார். ஆக, உண்மையான ஆல்ஃபா என்பது பிள்ளைகளுக்கு இரை தேடிக் கொடுக்கும் அப்பா. "யாருக்கும் பணியாத" என்று சொல்ல அதில் இடம் குறைவு.

சிங்கத்தின் கதையும் இப்படித்தான். கூட்டத்தின் வேட்டையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. பிடரிமயிரைப் பார்த்துத்தான் கொடியிலும் தூணிலும் ஆணுக்கு இடம் கொடுத்தோம்.

அப்படியானால் விலங்குகளை வைத்துக் குணம் சொல்வதே தவறா?

வள்ளுவர் நிறையவே சொல்கிறார். ஆனால் ஒரு விலங்கை எடுத்தால் அதன் ஒரே ஒரு செயலைத்தான் எடுக்கிறார். கிடைத்ததை மறைக்காமல் கூவி அழைத்து உண்பதற்குக் காக்கை (527). தக்க நேரம் வரும்வரை அடங்கியிருந்து சட்டென்று குத்துவதற்குக் கொக்கு (490). ஐம்புலனையும் உள்ளிழுத்து அடக்குவதற்கு ஆமை (126). காலையில் காக்கையாகவும் மாலையில் ஆமையாகவும் இருக்க ஒருவருக்குத் தடையில்லை. முழு மனிதனையும் ஒரே விலங்குக்குள் அடைப்பதை அவர் செய்யவில்லை.

இணையத் தேர்வில் வந்த விவரம் என்னை அப்படியே சொல்கிறதே, எப்படி?

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு எழுதியதுபோல் ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதன் வரிகளைப் பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "வெளியே உறுதியானவர், உள்ளுக்குள் கவலைப்படுபவர்" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? அந்தத் தேர்வுகள் யாருக்கும் கொசு, பன்றி, ஓணான் கொடுப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பகிர மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐந்து வயது மகள் "நான் பூனை" என்று தட்டில் வாய் வைத்துப் பால் குடிக்கிறாள். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். பாலைக் குடிக்கிறாளே, அதுவே பெரிது.

எருமை நட்சத்திரம் என்பதால் வகுப்பில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

நீலகிரியில் தோடர்களிடம் போய்க் கேலி செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கோயில் என்பதே எருமைப் பால்மனைதான். புனித எருமைகளின் பாலைக் கறந்து கடைபவர் பூசாரி. வளைந்த கூரை கொண்ட அந்தப் பால்மனைக்குள் மற்றவர்கள் நுழைய முடியாது.

கழுதை எந்தப் பட்டியலிலும் இல்லையே, ஏன்?

நட்சத்திரத்திலும் இல்லை, சீனப் பன்னிரண்டிலும் இல்லை, பகைச் சோடியிலும் இல்லை. சேட்டை எனப்படும் மூதேவிக்கு வாகனமாக இருப்பதால் கெட்ட பெயர் வேறு. ஆனால் மழை பொய்த்தால் ஊர்கூடிக் கல்யாணம் செய்துவைப்பது கழுதைக்குத்தான். கடைகளில் கல்லாவுக்கு மேலே "என்னைப் பார் யோகம் வரும்" என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் அதன் படத்தைத்தான். அங்கே சிங்கத்தையோ ஓநாயையோ மாட்டிய கடைக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை.